கோபுரம் சாய்ந்ததற்கு லென்ஸ் பொறுப்பல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், கேனன் நிறுவனத்தின் 10-18 மி.மீ. அகலக்கோண ஜூம் லென்ஸைப் பற்றி அண்மையில் வெளியான மதிப்பீட்டுக் கட்டுரையைப் படித்தேன். 2014-இல் சந்தைக்கு வந்த இந்த லென்ஸ் இன்று பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகத்தான் கைமாறுகிறது. கோயில்களையும் வீடுகளையும் விழாக்களையும் படமெடுக்கத் தொடங்கும் இளைஞர்கள், கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸுக்கு அடுத்ததாகத் தேடுகிற லென்ஸ்களில் இதுவும் ஒன்று என்பதால், இதைப் பற்றி எழுத முன்வந்தது பாராட்டுக்குரியது. ஆனால் கட்டுரையாளர் சுமத்திய முக்கியமான குற்றச்சாட்டுகளில் இரண்டு லென்ஸைச் சேர்ந்தவையே அல்ல. அதே சமயம், காசு கொடுத்து வாங்குகிறவர் கட்டாயம் பார்த்தாக வேண்டியவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் தொடவே இல்லை. முன்பு திருமண ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்து, இப்போது கோயில் கட்டடங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தி வருகிறவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போலத் தெரிகிறது என்பது அவருடைய முதல் புகார். கேமரா மட்டமாக, அதாவது படத்தைப் பதிவுசெய்யும் அதன் சென்சார் தரைக்குச் செங்குத்தாக இருக்கும்வரை, கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே நிற்கும். உச்சியையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தவுடன், அந்தக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கும். மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி குறுகும்; அப்படிக் குறுகலாகப் பார்க்கும் 50 மி.மீ. லென்ஸைச் சாய்த்தாலும் இதுதான் நடக்கும். அகலக்கோண லென்ஸில் அது கண்ணை உறுத்துவதற்குக் காரணம், நாம் கட்டடத்தின் காலடியிலேயே நின்றுகொண்டு எக்கச்சக்கமாகச் சாய்க்கிறோம் என்பதுதான்.

உண்மையில், சாய்க்காமல் எடுப்பதற்கு வழிசெய்வதே இந்த லென்ஸின் பெரும் பயன். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம். கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி, கண்மட்டத்தில் சிறிதும் சாயாமல் பிடித்துக்கொண்டு விமானத்தின் உச்சி வரை எடுப்பதற்கு, கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில் விமானத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 340 அடி பின்வாங்க வேண்டும். பக்கவாட்டில் அவ்வளவு இடம் அந்தப் பிரகாரத்திலேயே கிடையாது. 10 மி.மீ. முனையில் கணக்குப் போட்டால் சுமார் 190 அடி வருகிறது. சுற்றுமாளிகையை ஒட்டி நின்றால் ஏறக்குறைய அந்தத் தூரம் கிடைத்துவிடும். படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வெறும் தரையாக இருக்கும், அதை வெட்டி எறிய வேண்டும் என்பது மெய்தான். 24 மெகாபிக்சல் கேமராவில் பாதியை வெட்டினாலும், புத்தகத்தில் முழுப்பக்கப் படமாக அச்சிடத் தேவையான அளவு எஞ்சும். லென்ஸின் மதிப்பைச் சொல்லும் கணக்கு இது. கட்டுரையாளர் கோபுர வாசலில் நின்று அண்ணாந்து எடுத்த படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

இதைவிட வியப்பளித்தது, கங்கைகொண்ட சோழபுரத்துப் படத்துக்குக் கீழே, விமானத்தின் ஓரங்களை லென்ஸ் உள்நோக்கி வளைத்துவிட்டதாக எழுதப்பட்டிருந்த குறிப்பு. அந்த விமானம் கட்டப்பட்டதே அப்படித்தான். ராஜராஜன் தஞ்சையில் எழுப்பிய விமானத்தின் விளிம்பு நேராக ஏறிச் செல்கிறது. ராஜேந்திரன் எழுப்பியது உட்குழிந்த வளைவோடு ஏறுகிறது. இரண்டுக்கும் உள்ள புகழ்பெற்ற வேறுபாடே அதுதான். மேலும், 10 மி.மீ. முனையில் இந்த லென்ஸுக்கு உள்ள சிறிதளவு வளைவு பீப்பாய் வகையைச் சேர்ந்தது. அது நேர்கோட்டை வெளிப்புறமாகப் புடைக்க வைக்குமே தவிர, உள்ளே இழுக்காது. வளைவைச் சோதிக்க விரும்புகிறவர்கள் சோழர்களை விட்டுவிட்டு, புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றின் கைப்பிடிச் சுவரைச் சட்டத்தின் விளிம்பை ஒட்டி வைத்து எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது புகார், குடும்பப் படத்தில் ஓரத்தில் நின்ற பெரியவரின் முகம் பூசணிக்காயாக விரிந்துவிட்டது என்பது. விரிந்தது உண்மை, ஆனால் அது தயாரிப்புக் குறை அல்ல, வடிவியல். இந்த லென்ஸ் 10 மி.மீ.-இல் கேனனின் ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய வகை சென்சார் மீது கிடைவாட்டில் சுமார் 96 பாகைக் காட்சியைப் பிடிக்கிறது. அதாவது சட்டத்தின் ஓரத்தில் நிற்பவர் மையத்திலிருந்து 48 பாகை விலகி நிற்கிறார். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும், அந்த இடத்தில் உருண்டையான ஒரு பொருளை அதன் உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமாகத்தான் காட்டியாக வேண்டும். அதே 10 மி.மீ. கோணத்தில் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸை மாட்டினாலும் அந்த ஒன்றரை மடங்கு மாறாது. 18 மி.மீ. முனைக்கு வந்தால் ஓரத்து விரிவு சுமார் 1.2 மடங்காகக் குறைந்துவிடும்.

இதை நம்பாதவர்கள், ஓவியம் தீட்டிய சுவர் ஒன்றின் முன்னே இந்த லென்ஸை நேருக்கு நேர் வைத்து, சட்டத்தின் ஓரத்தில் வருமாறு ஓர் ஆளையும் சுவரை ஒட்டி நிறுத்திப் படமெடுத்துப் பார்க்கட்டும். சுவரில் தீட்டிய முகம் அளவு மாறாமல் அப்படியே வரும். பக்கத்தில் நிற்கும் ஆளின் தலை மட்டும் பக்கவாட்டில் அகன்றிருக்கும். தட்டையானது தப்பிக்கிறது, உருண்டையானது மாட்டிக்கொள்கிறது. லென்ஸ் கெட்டுப்போயிருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா கெட்டிருக்க வேண்டும்? மீன்கண் லென்ஸில் முகம் இவ்வளவு விரியாது, ஆனால் தூண்கள் வில்லாக வளைந்துவிடும். நேர்கோடும் வேண்டும், ஓரத்து முகமும் உருண்டையாக வேண்டும் என்று இரண்டையும் ஒரே லென்ஸிடம் கேட்க முடியாது. ஸ்டுடியோக்காரர்கள் மண்டபத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது, இடம் இல்லாவிட்டால் ஆட்களை இரண்டு மூன்று வரிசையாக நெருக்கி நடுவுக்குத் தள்ளிவிட்டு, ஓரங்களில் வாழைமரத்தையும் மேடை அலங்காரத்தையும் விட்டுவிடுவது இதனால்தான்.

இனி, சொல்லாமல் விடப்பட்டவை. அகலக்கோண ஜூம் லென்ஸை மதிப்பிடுவது என்பது பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளை மதிப்பிடுவதுதான். நடுப்பகுதியில் இந்த வகை லென்ஸ்கள் ஏறக்குறைய எல்லாமே கூர்மையாக இருக்கும். நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டி ‘அருமையான கூர்மை’ என்று எழுதுவதால் வாசகருக்கு ஒரு தகவலும் கிடைப்பதில்லை. அதிலும் இது 11 தொகுதிகளாக அடுக்கிய 14 கண்ணாடிகளைக் கொண்ட லென்ஸ். அவற்றுள் ஏதேனும் ஒன்று அச்சிலிருந்து மிகச் சிறிதளவு விலகியிருந்தாலும், ஒரு பக்க மூலைகள் தெளிவாகவும் மறுபக்க மூலைகள் மசமசவென்றும் வரும். ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் தயாரான இரண்டு லென்ஸ்களுக்கு இடையிலேயே இந்த வேறுபாடு இருக்கக்கூடும். ஒருமுறை கீழே விழுந்த பழைய லென்ஸில் இருப்பதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். ஆகவே கட்டுரையாளர் கையிலிருந்த லென்ஸின் கூர்மையைப் பற்றிய செய்தியைவிட, தன் கைக்கு வரப்போகும் லென்ஸைச் சோதிக்கும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் வாசகருக்குப் பயன்படும்.

முறை எளியதுதான். செங்கல் சுவருக்கு முன்னால் நின்று எடுப்பது பலருக்குப் பழக்கம். ஆனால் சுவரும் சென்சாரும் முற்றிலும் இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் தூரமாகிவிடும். அந்தப் பிசகையும் லென்ஸின் தலையில் கட்டிவிடுவோம். அதற்குப் பதிலாக மொட்டை மாடியில் நின்று, தொலைவில் ஒரே சீராகத் தெரியும் மரவரிசையையோ கட்டட வரிசையையோ எடுத்துக்கொள்ளுங்கள். கையால் ஃபோகஸ் செய்து, அதன்பின் வளையத்தைத் தொடாமல், ஒரே மரம் நான்கு மூலைகளிலும் மாறி மாறி வருமாறு நான்கு படங்கள் எடுங்கள். 10 மி.மீ., 14 மி.மீ., 18 மி.மீ. ஆகிய மூன்று இடங்களிலும், அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுமையாகத் திறந்து ஒருமுறையும் எஃப் 8-இல் ஒருமுறையும் இதைச் செய்யுங்கள் (எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்). கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி அந்த மரத்தை மட்டும் ஒப்பிடுங்கள். நான்கு மூலைகளும் சமமாக மங்கலாக இருந்தால் அது அந்த மாடலின் இயல்பு. எஃப் 8-க்குப் போகும்போது கணிசமாகத் தேறிவிடும். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றையும்விட மோசமாக இருந்து, எஃப் 8-இலும் தேறாவிட்டால் அந்த லென்ஸை வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே காட்சியை மறுபடி எடுங்கள்: மங்கல் கேமராவின் அதே பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால் குற்றம் லென்ஸில், காட்சியின் அதே பகுதியில் தங்கிவிட்டால் குற்றம் நாம் நின்ற இடத்தில்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சில லென்ஸ்களின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் கிண்ணம் போல வளைந்திருக்கும். நடுவில் ஃபோகஸ் செய்தால் மூலை மங்கும், மூலையில் ஃபோகஸ் செய்தால் அது தெளிந்து நடு மங்கும். ஆகவே மூலை மங்கலாக இருக்கிறது என்று எழுதுவதற்கு முன், பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவில் மூலையையே பெரிதாக்கி, அங்கேயே ஃபோகஸ் செய்து ஒருமுறை பார்த்துவிடுவது நியாயம்.

மூலைகளில் வெளிச்சம் குறைவதும் இதே போன்றதுதான். அச்சிலிருந்து 45 பாகை விலகிய இடத்தில், எளிய லென்ஸ் ஒன்றில் வெளிச்சம் நடுவில் உள்ளதில் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது ஒளியியல் விதி. வடிவமைப்பாளர்கள் அதைத் திறமையாக ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். முழுவதும் ஒழிக்க முடியாது. கலசத்தின் விளிம்பில், வெளிர்வானத்துக்கு எதிரே சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் மெல்லிய கோடுகளும் இத்தகையவையே. கேமரா திருத்தாமல் பதிவுசெய்யும் ரா கோப்பாக எடுத்தால் இவற்றைக் கணினியில் நொடியில் சரிசெய்யலாம். ஜேபெக் எடுப்பவர்களுக்குப் பல கேமராக்கள் தாமாகவே சரிசெய்து கொடுத்துவிடுகின்றன.

இந்தத் தானியங்கித் திருத்தத்தைப் பற்றி மதிப்பீட்டுக் கட்டுரை ஒவ்வொன்றும் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பது என் கருத்து. கேனனே 2021-இல் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத) கேமராக்களுக்காக வெளியிட்ட ஆர்எஃப் 14-35 மி.மீ. எஃப் 4 லென்ஸில், 14 மி.மீ.-இல் திருத்தம் செய்யாத கோப்பைத் திறந்தால் கோடுகள் பலமாகப் புடைத்து, மூலைகள் கறுத்துக் கிடக்கும். மென்பொருள் அதை இழுத்து நிமிர்த்திய பிறகுதான் நாம் பார்க்கும் படம் உருவாகிறது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். லென்ஸ் சிறிதாகவும் எடை குறைந்தும் வருவதற்கு அது கொடுக்கும் விலை. ஆனால் இழுத்து நிமிர்த்தும்போது மூலைப் பிக்சல்கள் விரிக்கப்படுவதால் அங்கே நுணுக்கம் குறைகிறது. ஒரு லென்ஸைத் திருத்தத்தோடும், மற்றொன்றைத் திருத்தமின்றியும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஒப்பீடு ஆகாது. கட்டுரையில் இருந்த ஒப்பீட்டுப் படங்கள் எந்த வகை என்பதே குறிப்பிடப்படவில்லை.

எதிர்வெயில் சோதனையும் விடுபட்டுவிட்டது. 96 பாகையைப் பார்க்கும் லென்ஸ் வெளியில் சூரியனைத் தவிர்ப்பது கடினம். மாலையில் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும் சூரியனை முதலில் சட்டத்துக்குள்ளும், பிறகு சட்டத்தின் விளிம்புக்குச் சற்று வெளியேயும் வைத்து எடுத்துப் பார்த்தால், புள்ளிப் புள்ளியாக நிறச் சிதறல்கள் வருகின்றனவா, படம் முழுக்க வெளிறிப்போகிறதா என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் இந்த லென்ஸ் நன்றாகவே தேறுகிறது. அந்த நற்சான்றையும் கட்டுரை அதற்குத் தரவில்லை.

வானம் கருநீலமாக வருவதற்கு போலரைசர் ஃபில்டர் ஒன்றும் சேர்த்து வாங்குமாறு கொடுத்த பரிந்துரையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வானப்பகுதியில்தான் போலரைசர் மிகுதியாக வேலை செய்யும். இவ்வளவு அகலமான படத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்தப் பட்டையாகவும் மற்றப் பகுதிகள் வெளிறியும் வரும். 67 மி.மீ. ஃபில்டருக்குச் செலவழிக்கும் பணம் வேறு எதற்காவது உதவும்.

கட்டுரையின் வேறு இரண்டு குறைகளில் பாதி உண்மை இருக்கிறது. அப்பர்ச்சர் 10 மி.மீ.-இல் எஃப் 4.5, 18 மி.மீ.-இல் எஃப் 5.6, இது இரவு வானத்துக்கும், மங்கிய மேடையில் ஆடுகிறவரைப் பிடிப்பதற்கும் போதாது. அவற்றுக்கு டோக்கினா 11-16 மி.மீ. எஃப் 2.8 போன்ற லென்ஸ்தான் பொருத்தம். அது இதைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், எடையும் இதன் இருமடங்குக்கு மேல். ஆனால் பின்னணி மங்கவில்லை என்று எஃப் 4.5-ஐக் குறைசொன்னதுதான் புரியவில்லை. 10 மி.மீ.-இல் எஃப் 8 வைத்து சுமார் 70 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 35 செ.மீ.-இலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவோடு வரும். கோலத்தையும் கோபுரத்தையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டுவதற்காகவே இந்த வகை லென்ஸை வாங்குகிறார்கள். இங்கே சொல்லியிருக்க வேண்டிய உண்மையான குறை வேறு: இதில் தூர அளவு குறித்த கோடுகள் கிடையாது, ஃபோகஸ் வளையம் மின்சாரத்தால் இயங்குவதால், கேமரா உறங்கிவிட்டால் வளையத்தைச் சுற்றியும் பயனில்லை.

பிளாஸ்டிக் மவுன்ட் (கேமராவில் பொருந்தும் வளையம்) என்ற ஏளனமும் தேவையற்றது. 240 கிராம் எடையுள்ள லென்ஸுக்கு உலோக மவுன்ட் இல்லாதது பெரிய ஆபத்தல்ல. 2004-இல் வந்த 10-22 மி.மீ. லென்ஸ் உலோக மவுன்ட்டோடு 385 கிராம் இருந்தது; அதில் நடுக்கம் குறைக்கும் வசதி இல்லை. இதில் இருக்கிறது, நான்கு ஸ்டாப் வரை, அதாவது ஷட்டர் நேரத்தை நான்கு முறை இரட்டிப்பாக்கும் வரை, உதவும் என்பது நிறுவனத்தின் கணக்கு. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள கோயில்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும் நிலையில், இருண்ட மண்டபத்துத் தூண்களைக் கால் நொடி ஷட்டரில் கையில் பிடித்தே எடுக்க முடிவது எஃப் 2.8-ஐவிடப் பெரிய வசதி. தூண்கள் நகர்வதில்லையே!

பழையதை வாங்குவோருக்கு இன்னும் சில. கைப்பேசி விளக்கை லென்ஸின் ஒரு முனையில் அடித்து மறுமுனை வழியாகப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை போன்ற ஃபங்கஸ் இருக்கிறதா என்று தெரியும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் லென்ஸ்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபில்டர் மாட்டும் விளிம்பு நசுங்கியிருந்தால் அது கீழே விழுந்த லென்ஸ். இந்த லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கு மட்டுமே உரியது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை: பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் இதை மாட்டவே முடியாது, ஃபுல் ஃபிரேம் ஆர் வகை மிரர்லெஸ் கேமராக்களில் அடாப்டர் மூலம் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும். அடுத்த ஆண்டு கேமராவை மாற்ற நினைக்கும் வாசகருக்குக் கூர்மையைப் பற்றிய ஒரு பத்தியைவிட இந்த ஒரு வரி முக்கியம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வெளியான படங்கள் அனைத்தும் பக்க வடிவமைப்புக்காக நான்கு ஓரங்களிலும் வெட்டப்பட்டிருந்தன; மூலைகளை வைத்தே மதிப்பிட வேண்டிய லென்ஸைப் பற்றிய கட்டுரையின் படங்களில் மூலைகளே இல்லை. அச்சில் இடமில்லை என்பது புரிகிறது. தங்கள் இணையப் பதிப்பிலாவது, அந்தப் படங்களை வெட்டாமல், திருத்தாமல், எந்த மி.மீ., எந்த அப்பர்ச்சர், எவ்வளவு தூரம் என்ற குறிப்புகளோடு முழு அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.